டீல்ல உட்டதா, வுட்டுப் புடிச்சதா

அந்த சைக்கிள் கடையின் ஷட்டர் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதின எண்கள் இன்னும் முழுசாக அழியவில்லை. மேலே 4.51. அதற்குக் கீழே அடித்தும் திருத்தியும் இறங்கிக்கொண்டே போகிற நாலைந்து எண்கள். காலடிப்பேட்டையில், டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே வளைகிற ஒரு சந்தில் இருக்கிறது கடை. பஞ்சர் போட வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு யாரோ கடன் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். கடன்தான். 2024 ஆகஸ்ட் 22ஆம் தேதி ஸ்பெயினில் பிரிமோஷ் ரோக்லிச் என்ற ஸ்லோவேனியா சைக்கிள் பந்தயக்காரர் ஒரே மத்தியானத்தில் பட்ட கடன்: நாலு நிமிஷம் ஐம்பத்தோரு விநாடி.

அன்றைக்கு மெட்ராஸ் தினம். பகலெல்லாம் ஆபீஸ் வாட்ஸ்அப்பில் பழைய டிராம் வண்டிப் படமாக வந்து குவிந்தது. ராத்திரி மண்ணடியில் மெட்ரோ ஏறிக் காலடிப்பேட்டையில் இறங்கிக் கடைக்குப் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. குனிந்து உள்ளே போனேன். கல்லாப்பெட்டி மேல் சொல்யூஷன் டப்பாவில் சாய்த்து வைத்த செல்போன், அதைச் சுற்றி மூன்று தலைகள். ஸ்பெயினில் அன்றைய ஓட்டம் முடிகிற நேரம் நமக்கு ஏறக்குறைய ராத்திரி ஒன்பது மணி. கடை அடைக்கிற நேரமும் அதுதான், வசதியாகப் போயிற்று.

மூன்று தலைகளைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரரை ஏரியாவில் சின்னவர் பெரியவர் எல்லோரும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம், அறுபதைத் தாண்டியவர். இன்னொருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற போர்ட்டு மாமா. மூன்றாவது, சாப்பாடு டெலிவரி பண்ணுகிற தம்பி, இருபத்துமூன்று வயசு, ரோக்லிச்சின் எதிராளியான போகச்சார் என்ற சைக்கிள் வீரரின் பக்தன். நான் நாற்பத்தாறு. மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எண்ணூர் வரை சைக்கிளில் போய் வருகிறேன். நாங்கள் நாலு பேருமே மலையில் சைக்கிள் மிதித்ததில்லை. எங்கள் பக்கம் மலை என்றால் மூலக்கடை மேம்பாலம்தான். அதில் ஏறி இறங்கியவர்கள் உட்கார்ந்து ஸ்பெயின் மலையின் ஏற்றம் பதினெட்டா இருபதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தப் பெரிய சைக்கிள் ஓட்டங்கள் மூன்று வாரம், 21 கட்டம். ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கடைசியில் யாருடைய கூட்டுத்தொகை குறைச்சலோ அவர் ஜெயித்தார். ஒரு நாள்கூட முதலில் வராமலேயே பட்டம் வாங்கலாம். அன்றன்றைக்குக் கணக்கில் முன்னால் நிற்பவருக்கு பிரான்ஸ் ஓட்டத்தில் மஞ்சள் சட்டை, இத்தாலி ஓட்டத்தில் இளஞ்சிவப்பு, ஸ்பெயின் ஓட்டமான வுவெல்டாவில் சிவப்பு. கணக்கு எழுதுகிறவனுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் ரோக்லிச்சுக்கு 34 வயசு. ஜூலையில் பிரான்ஸில் விழுந்து, கீழ் முதுகெலும்பில் முறிவோடு விலகியவர், ஐந்து வாரத்தில் வுவெல்டாவுக்கு வந்து நின்றார். ஏற்கெனவே 2019, 2020, 2021 என்று மூன்று முறை ஜெயித்த ஓட்டம். நாலாவது நாளே மலையில் ஜெயித்துச் சிவப்புச் சட்டையையும் வாங்கிவிட்டார். ஆறாவது நாள், ஹெரெஸ் ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் சைக்கிளை விட்டுக் கிளப்பினார்கள் (இதைப் பார்த்து மாமா சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது). அன்றைக்குத்தான் ஆஸ்திரேலியாக்காரர் பென் ஓகானர் கூட்டத்தை விட்டுத் தனியாகப் பிரிந்து போனார். ரோக்லிச்சின் அணி துரத்தவில்லை. துரத்தாமல் துரத்தாமல், முடிவில் பார்த்தால் சட்டை ஓகானரிடம், ரோக்லிச் 4.51 பின்னால்.

"முட்ஞ்சுது நைனா. டீல்ல உட்டுட்டானுங்க" என்றான் தம்பி.

நைனா கையில் ஒரு ரிம்மை வைத்துக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "டீல் இல்லடா. நூல் வுட்றாங்க. வுட்டுப் புடிப்பான் பாரு."

இந்தப் பக்கம் மாடியில் காத்தாடி விட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. எதிராளியின் நூல் நம் நூல்மேல் ஏறும்போது வெடுக்கென்று இழுத்து அறுக்கப் பார்ப்பது ஒரு வித்தை. இழுக்காமல் நூலை விட்டுக்கொண்டே போய், தொலைவில் காற்று சரியாக விழுகிற இடத்தில் இழுப்பது இன்னொரு வித்தை. இரண்டிலும் ஏமாந்தால் நூல் அறுந்து காத்தாடி அதன் பாட்டுக்குப் போகும், அது டீல். மாஞ்சா நூலில் கழுத்து அறுபட்ட சாவுகளுக்குப் பிறகு யாரும் அந்த வீரத்தைப் பெருமையாகப் பேசுவதில்லை, பேசவும் கூடாது. ஆனால் சொல் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. கைவிட்டவனைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல சொல் எங்களிடம் இல்லை.

பந்தயம் கட்டினோம். ரோக்லிச் ஜெயித்தால் நாலு பேருக்கும் பிரியாணி என் செலவு. தோற்றால் நைனா என் சைக்கிளை ஓசியில் ஓவராயில் பண்ணித் தர வேண்டும். மாமா எழுந்து போய் ஷட்டரில் 4.51 என்று எழுதினார்.

நான் ஏன் எதிர்ப்பக்கம் போனேன் என்றால், வெறும் கணக்குதான் என்று அன்றைக்குச் சொன்னேன். ஓகானர் சும்மா வந்துபோகிற ஆள் இல்லை. அதே வருஷம் இத்தாலியில் நாலாவதாக வந்தவர், 2021இல் பிரான்ஸிலும் நாலாவது. அவருக்கு ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் விட்டுக்கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. சிவப்புச் சட்டை எந்த அணியிடம் இருக்கிறதோ அந்த அணிதான் தினமும் கூட்டத்துக்கு முன்னால் போய்க் காற்றை வாங்க வேண்டும். முதல் வாரத்து ஆந்தலூசிய வெயிலில் அந்த வேலையை இன்னொருவர் தலையில் கட்டிவிடுவது புத்திசாலித்தனம். ஆனால் ஐந்து நிமிஷமா? அசந்துவிட்டார்கள் என்றேன். வயசான தலைவனைச் சுற்றியிருக்கிற அணி தலைவனின் முதுகைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும், ரோட்டைப் பார்க்காது என்றேன். அழகாகத்தான் சொன்னேன். என் முட்டியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

காற்று வாங்குவது என்றால் என்னவென்று எண்ணூர் ரோட்டில் போனால் புரியும். கடல் காற்று கிளம்பிவிட்டால் தரையில் மேடே இல்லாமல் மேடு ஏறுகிற மாதிரி இருக்கும். முன்னால் ஒருத்தர் போனால் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அந்த ஆசையில்தான் இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். சுகமாக இருந்தது, அவர் பிரேக் போடுகிற வரை. தப்பு முழுக்க என்னுடையது. இடது முட்டியில் ஒன்பது தையல். அதற்கப்புறம் எண்ணூர் போய் வந்தால் மறுநாள் திங்கட்கிழமை ஆபீஸ் மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்குகிறேன்.

மறுநாள் என்று சொல்லும்போது நைனாவின் கதைக்கு வர வேண்டும்.

எண்பதுகளில் நைனா 'ஏழு நாள் சைக்கிள்' விட்டவர். நாற்பது வயசு தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காலி மைதானத்தில் நடுவே ஒரு கம்பம், கம்பத்தில் ஸ்பீக்கர், கலர் பல்பு. ஒரு ஆள் தரையில் கால் வைக்காமல் ராத்திரி பகலாக அதைச் சுற்றிச் சுற்றி வருவார். சைக்கிள் மேலேயே இட்லி, சைக்கிள் மேலேயே சவரம். குடத்துத் தண்ணியைத் தலையில் ஊற்றிக் குளியல். சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் ஹேண்டில்பாரில் நின்று வித்தை காட்டுவார், நெஞ்சில் டியூப்லைட் உடைப்பார்கள், ஜனங்கள் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். நைனா எண்ணூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, செங்குன்றம் எல்லாம் சுற்றியிருக்கிறார். ஒன்றுக்குப் போவது எப்படி என்று தம்பி கேட்டதற்கு, "அத்த மட்டும் கேக்காத" என்றார்.

"கடசியா செங்குன்றம் பக்கம் வுட்டேன். முப்பத்திமூணோ நாலோ எனக்கு. காலு அதே காலு. ஒரு சுத்து மாறல. மொத நாளு, ரெண்டாவது நாளு, எல்லாம் ஒழுங்கு. விடிகாலம் மூணு மணிக்கு எல்லாருக்கும் கண்ணு சொருவும், அசிஸ்டென்டு பையன் கேரியர்ல கைய வச்சி கூடவே நடப்பான், அதுல ஒரு பத்து நிமிசம் தூங்கிக்கணும். சின்ன வயசுல அந்தப் பத்து நிமிசத்துல முழிச்சா புதுசா பொறந்தாப்புல இருக்கும். அந்த வாட்டி முழிச்சேன், தூங்குனாமாரியே இல்ல. அஞ்சாவது நாளு காலைல டீ கிளாஸ் குடுத்தான். வெரலு மூட மாட்டேங்குது. கிளாஸ் வுழுந்துச்சி. நானும் கால ஊனிட்டேன்."

"ஜனம் இன்னா சொல்லிச்சி?" என்றார் மாமா.

"இன்னா சொல்லும். ஸ்பீக்கர்காரன் பாட்ட நிறுத்திட்டு ஒயர சுத்திக்கினு போய்ட்டான்."

நைனா சொன்னதை டாக்டர்களும் வேறு வார்த்தையில் சொல்வார்கள். முப்பதைத் தாண்டினால் உடம்பு இழுக்கிற ஆக்சிஜனின் உச்ச அளவு மெள்ள இறங்க ஆரம்பிக்கும். விடாமல் பயிற்சி எடுப்பவர்களுக்கு அந்த இறக்கம் மெதுவாகத்தான் நடக்கும், அதனால் ஒரே ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் முப்பத்துநாலு இருபத்துநாலை அடித்துவிடலாம். நைனா கணக்குப்படி வயசு முதலில் கைவைப்பது அந்த ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் நடுவில் இருக்கிற ராத்திரியில். மூன்று வார ஓட்டத்தில் அப்படி இருபது ராத்திரிக்கு மேல் வருகிறது.

இதையெல்லாம் அனுபவித்த மனுஷன் எப்படி ரோக்லிச் பக்கம் நின்றார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, ரோக்லிச் இருபது வயசைத் தாண்டித்தான் சைக்கிளுக்கே வந்தார். அதற்கு முன்னால் பனிச்சறுக்கில் உயரத்திலிருந்து தாவுகிற வீரர், 2007இல் ஜூனியர் உலகப் போட்டியில் அணியோடு தங்கம் வாங்கியவர். "வண்டி மாடல் பழசு. ஓட்னது கம்மி. பால்ரஸ் இன்னும் தேயல." இரண்டாவது, "ஓகானரு தெனமும் அந்தச் சட்டையப் போட்டுக்கினு பேட்டி குடுக்கணும், முன்னாடி நிக்கணும், பயப்படணும். இவரு பின்னாடி தூங்குவாரு."

முதல் காரணம் நல்ல காரணம். இரண்டாவதை அன்றைக்கு நான் சிரித்துத் தள்ளினேன்.

எண்கள் இறங்க ஆரம்பித்தன. எட்டாவது நாள் கசோர்லாவில் ரோக்லிச் ஜெயித்தார், ஷட்டரில் நாலுக்குக் கொஞ்சம் கீழே. பதின்மூன்றாம் நாள் அன்காரெஸ் மலையில் ஓகானர் திணற, 1.21. மாமா எழுதும்போது சாக்பீஸ் உடைந்தது. தம்பி அசரவில்லை. அவனிடம் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு: 2020, பிரான்ஸ், கடைசிக்கு முந்தின நாள். ரோக்லிச் 57 விநாடி முன்னால் நின்று, லா பிளான்ஷ் தே பெல் ஃபீ மலையில் தனி ஓட்டத்தில் (ஒவ்வொருவராகக் கிளம்பி நேரத்தோடு மோதுவது), இரண்டு நாளில் 22 வயசு ஆகப்போகிற போகச்சாரிடம் எல்லாவற்றையும் இழந்தார். முடிவில் 59 விநாடியில் தோல்வி. ஹெல்மெட் கோணலாக, முகமெல்லாம் வெளுத்துப்போய் அவர் மிதித்து வந்த அந்தப் படத்தைத் தம்பி போனில் சேமித்தே வைத்திருக்கிறான். யார் ரோக்லிச் பேரை எடுத்தாலும் நீட்டுவான். நைனாவிடம் அதற்கு எதிர் அஸ்திரம், 2023 இத்தாலி, மோந்தே லுஸ்ஸாரி. அதிலும் கடைசிக்கு முந்தின நாள், செங்குத்தான மலைப்பாதையில் தனி ஓட்டம். நடுவில் ரோக்லிச்சுக்குச் செயின் கழன்றுவிட்டது. அந்த வீடியோவை நைனா எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று கணக்கே இல்லை, பார்ப்பது ஓட்டத்தை இல்லை, செயினை. "பாரு, பதறல. எறங்குனான், கையால மாட்னான், ஏறுனான். நம்ம கடைக்கு வர்றவனுங்க செயின் கழண்டா வண்டிய உருட்டிக்கினே வருவானுங்க." அவ்வளவுக்குப் பிறகும் அன்றைக்கு ஜெயித்து, மொத்தக் கணக்கில் 14 விநாடியில் பட்டம் வாங்கினார். தோற்றது ஜெரெயின்ட் தாமஸ், அவருக்கு இரண்டு நாள் முன்னால்தான் 37 முடிந்திருந்தது. தாமஸுக்காக மாமா ஒருத்தர்தான் வருத்தப்பட்டார்.

செப்டம்பர் 1, ஞாயிறு. தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி கார் ரேஸ். அந்தப் பக்கமெல்லாம் டிராபிக்கை மாற்றி விட்டிருந்தார்கள். திருவல்லிக்கேணியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த மாமா வந்து சேரும்போது ஓட்டம் முடிந்தேவிட்டது. "ஊர்ல ரேஸு வுட்டுட்டு ஸ்பெயின் ரேஸுக்கு ஓடியாறேன், அதுவும் போச்சி" என்று அலுத்துக்கொண்டார். மூடுபனிக்குள் குயித்து நெக்ரோ மலை. அதன் உச்சிப்பக்கம் ஏற்றம் 20 சதவீதத்துக்கு மேல். ரோக்லிச் 38 விநாடி பிடித்து 43க்கு இறக்கிவிட்டார் என்று நைனா எழுதியும் ஆயிற்று. கொஞ்ச நேரத்தில் செய்தி: மலைக்கு முன்னால் சைக்கிள் மாற்றிக்கொண்டு, அணி காருக்குப் பின்னால் ஒண்டி வந்ததற்காக 20 விநாடி அபராதம். 43ஐ அடித்து 1.03. தம்பிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. நான் வாயைத் திறக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் ஒண்டினதற்கு அவருக்கு 20 விநாடி, எனக்கு ஒன்பது தையல்.

மறுநாள் ஓய்வு நாள். ஓட்டம் இல்லாத ராத்திரியில்தான் பேச்சு முற்றும். தம்பி மெர்க்ஸை எடுத்தான்: சைக்கிள் உலகத்தின் பெரிய தலை, ஐந்து முறை பிரான்ஸை ஜெயித்தவர், 1975இல் முப்பதே வயசில் தெவெனேவிடம் இறங்கிப்போனார், அப்புறம் பிரான்ஸில் எழவே இல்லை. சரிதான். ஆனால் அந்த ஓட்டத்தில் வேடிக்கை பார்க்க வந்த ஒருவன் மெர்க்ஸின் வயிற்றுப்பக்கம் குத்தினான், பிறகு விழுந்து கன்ன எலும்பு உடைந்தது, அப்படியும் இரண்டாவதாக முடித்தார் என்பதைச் சொல்லாமல் வயசு கணக்கை மட்டும் சொல்வது போங்கு. நான் எதிர்க்கட்சியில் இருந்தும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. மாமாவுக்குப் பிடித்தவர் பர்தாலி. 1938இல் பிரான்ஸை ஜெயித்தவர், போர் வந்து ஓட்டங்களையே விழுங்கிவிட்டது, பத்து வருஷம் கழித்து 1948இல், 34 வயசில், இருபது நிமிஷத்துக்கும் மேல் பின்தங்கியிருந்து ஆல்ப்ஸ் மலையில் எல்லாவற்றையும் மீட்டு மறுபடி ஜெயித்தார். "இருவது நிமிசம்யா. உங்காளுக்கு ஒரு நிமிசம்" என்று நைனாவைப் பார்த்துச் சொன்னார், நைனா கட்சிக்கு வலு சேர்க்கிறோம் என்பதே தெரியாமல். இதே வுவெல்டாவை 2013இல் கிறிஸ் ஹார்னர் ஜெயித்தபோது அவருக்கு 41. மூன்று வாரப் பெரிய ஓட்டங்களில் அவ்வளவு வயசில் ஜெயித்தவர் வேறு யாரும் இல்லை. இதைச் சொன்னதும் தம்பி, "அப்போ நைனாவையே எறக்கலாம்" என்றான்.

செப்டம்பர் 3, மழையிலும் பனியிலும் கோவதோங்கா ஏரி மலை. ஷட்டரில் வெறும் 5. நிமிஷமே இல்லை.

6ஆம் தேதி வெள்ளிக்கிழமை, மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. டி.எச். ரோடு முழுக்க எருக்கம்பூ மாலை, கலர்க் காகிதக் குடை, கம்பு, விளாம்பழம். தம்பி களிமண் பிள்ளையாரை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேல் வைத்தான், போனுக்குப் பக்கத்தில். மொன்கால்வியோ மலை, எட்டரை கிலோமீட்டர் சொச்சம். மலை அடிவாரத்திலேயே ரோக்லிச்சின் ஆட்கள் முன்னால் வந்து வேகத்தைக் கூட்டக் கூட்ட, கூட்டம் நூல்கண்டு பிரிகிற மாதிரி பிரிந்தது. இன்னும் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போது அவர் தனியே போனார். ஆடவில்லை, எழுந்து நின்று மிதிக்கவில்லை, உட்கார்ந்தபடியே போனார். கடையில் யாரும் பேசவில்லை. நைனாவின் கையில் இருந்த ஸ்போக் சாவி அசையவே இல்லை, அவர் வேலையை நிறுத்தி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முடிவில் ரோக்லிச் 1.54 முன்னால். கடன் தீர்ந்து கையிருப்பு. மாமா அந்த எண்ணை எழுதி, எங்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டார். 8ஆம் தேதி மாட்ரிட்டில் முடியும்போது அது 2.36. ரோக்லிச்சுக்கு நாலாவது வுவெல்டா. ரொபெர்த்தோ எராஸ் ஒருவர்தான் அதற்கு முன் நாலு ஜெயித்தவர்.

"வுட்டுப் புடிச்சானா இல்லியா?" என்றார் நைனா.

இல்லை என்றேன். இப்போதும் இல்லை என்றுதான் சொல்வேன். 4.51 திட்டம் இல்லை, தப்பு. ஜெயித்துவிட்டதால் தப்பு திட்டமாகிவிட்டது. ஓகானர் அன்காரெஸில் திணறாமல் இருந்திருந்தால், பெரிய தலைகளான போகச்சாரோ விங்கெகாரோ அந்த வருஷம் வுவெல்டாவுக்கு வந்திருந்தால், நைனாவின் நூல் பாதி ஆகாசத்திலேயே அறுந்திருக்கும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தப்பு நடந்த மறுநாள் ரோக்லிச் பதறிப்போய்த் துரத்தவில்லை. ஒரே நாளில் கடனை அடைக்கப் பார்க்கவில்லை. எந்த மலையில் செலவு பண்ணலாம், எதில் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார். செங்குன்றத்தில் காலை ஊன்றிய மனுஷன் அதை என்னைவிட முன்னாடியே பார்த்துவிட்டார். நான் பார்த்தது 34 என்ற எண்ணையும், என் முட்டியையும்.

அடுத்த வருஷம் இத்தாலியில் விழுந்து விழுந்து பதினாறாவது நாளில் விலகினார். பிரான்ஸில் எட்டாவது. அங்கே மூன்றாவதாக வந்தவர் அவருடைய அணியிலேயே இருக்கிற லிப்போவிட்ஸ், 24 வயசு. "இப்பயாச்சும் டீலுனு ஒத்துக்கோ நைனா" என்றான் தம்பி. நைனா, "நூலு இன்னும் கைல கீதுடா" என்றார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பிரியாணி விஷயம் மட்டும் பாக்கி. ரோக்லிச் ஜெயித்தார், அதனால் பாதி என் செலவு. விட்டுப் பிடித்தது நிரூபணம் ஆகவில்லை, அதனால் மீதிப் பாதி தர முடியாது என்று வாதாடி இரண்டு பிரியாணிதான் வாங்கினேன். நாலு பேர் பிரித்துச் சாப்பிட்டோம். போன வாரம் பின்சக்கரம் கோட்டம் எடுக்கப் போனபோது பார்த்தேன், தீபாவளிக்கு ஷட்டருக்குப் பெயின்ட் அடித்தவர்கள் வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே 4.51 மங்கிவிட்டது, 5 தெரிகிறது, 2.36 பாதி தெரிகிறது. அதற்குக் கீழே மாமா கையெழுத்தில், என் பேருக்கு நேராக, 'பிரியாணி 2 பாக்கி' மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அதை யாரோ அவ்வப்போது மேலே மேலே எழுதிக்கொண்டு வருகிறார்கள்.